சாட்சியும் காட்சியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த சொற்கள் வெறுங்கையுடன் வந்தவையல்ல. கிறிஸ்தவத்தின் சொல் அங்கு பீரங்கியின் துணையோடு வந்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் பிரித்தானியரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் மறைவாக இலங்கைக்கு வந்த கோவைக் குருவாகிய யோசப் வாஸ் அடிகளார் ஊர் ஊராக நடந்தே அதனைக் காத்தார். பின்னர் பாடசாலையும் அச்சியந்திரமும் வந்தன. திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அதன்பின் வானலைகள் வந்தன. ஜெர்மனியின் வானொலி நிறுவனம் 1984 முதல் திருகோணமலைக்கு வடக்கே அஞ்சல் நிலையமொன்றை நடத்தியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்ட பின்னர், அட்வென்டிஸ்ட் உலக வானொலியின் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளும் அங்கிருந்து வான்வழியே சென்றன.

இவ்வரலாற்றை இங்கு நினைவுகூர்தற்குக் காரணம் உண்டு. தொடர்புசாதனம் எதுவாயினும் அதன் பின்னால் ஓர் அதிகாரம் நிற்கின்றது என்பதைத் திருகோணமலை நான்கு நூற்றாண்டுகளாக அறியும். இன்று அத்துறைமுக நகரின் கிறிஸ்தவன் கையில் வைத்திருப்பது கைத்தொலைபேசி. அதன் திரைக்குப் பின்னால் நிற்பவை, மனிதனின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்று வாழும் பெருங் கம்பனிகள். எனினும் பேஸ்புக், யூடியூப், வட்ஸ்அப், டிக்டொக் ஆகியவற்றின் வழியே கிறிஸ்தவச் சொல் பரவுவதைக் கண்டு, இது மாபெரும் ஆன்மிக அறுவடை என மகிழ்வோர் பலர் உளர். அவர்களது மகிழ்ச்சி அவசரமானது. அறுவடை எனப்படுவதிற் பெரும்பகுதி, சாட்சியைக் காட்சியாக மாற்றும் வாணிகமே ஆகும்.

கிறிஸ்தவ மரபிற் ‘சாட்சி’ என்பது எளிய சொல்லன்று. அதற்குரிய கிரேக்கச் சொல்லே பின்னர் இரத்தசாட்சியையும் குறிக்கலாயிற்று. சாட்சி என்பவன் அவ்விடத்தில் இருந்தவன், கண்டதைக் கூறுபவன், கூறியதற்குத் தன் பெயரையும், வேண்டின் உயிரையும் பிணையாக வைப்பவன். அவன் உடலோடு நிற்பவன். வாக்கு மாமிசமானது என்று கூறும் சமயம், அம்மாமிசத்தை மீண்டும் வெறும் பிம்பமாக்க முற்படுமாயின், தன் அடிப்படையையே மறுத்ததாகும்.

திரையில் நிகழ்வது யாது? நோயுற்ற பெண்ணொருத்தி மேடையில் விழுவதும் எழுவதும் படமாக்கப்படுகின்றன. அவள் அடுத்த மாதம் மருத்துவமனை வாசலிற் காத்திருப்பது படமாக்கப்படுவதில்லை. வெள்ளத்தில் வீடிழந்த குடும்பத்துக்கு அரிசிப் பை கொடுக்கப்படும்போது, கொடுப்பவரின் முகமும் பெறுபவரின் முகமும் ஒருங்கே தெரியும்வரை பை கைமாறுவதில்லை. தருமம் செய்யும்போது வலது கை செய்வதை இடது கை அறியலாகாது என்றும், கதவைப் பூட்டிக்கொண்டு செபிக்க வேண்டும் என்றும் மலைப்பொழிவில் இயேசு கற்பித்தார். அப்போதனையை ஞாயிறுதோறும் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை அரிசிப் பையைப் படமெடுப்பவர்கள் அப்பகுதியைத் தம் வேதாகமத்தினின்று நீக்கிவிட்டார்களா என்பதைக் கூறவேண்டும்.

இதற்கு ஆதரவாகத் திருச்சபையின் ஆவணங்கள் காட்டப்படுவதுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி தொடர்புசாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டதும், 1967 முதல் உலகத் தொடர்பு நாள் கொண்டாடப்படுவதும் உண்மையே. மனிலாவில் 1969இல் தொடங்கிய வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணிக்கு இலங்கையில் இருந்த செல்வாக்கையும் மறுத்தற்கில்லை. ஆனால் அவ்வாவணங்களைக் காட்டுவோர் 2002இல் வத்திக்கான் வெளியிட்ட இணையம் பற்றிய அறிக்கையை முழுமையாக வாசிப்பதில்லை. இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என அவ்வறிக்கை ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. 2019ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாளுக்குப் பாப்பரசர் பிரான்சிஸ் விடுத்த செய்தியும், விருப்புக் குறிகளினின்று ‘ஆமென்’ என்னும் உறுதிச் சொல்லுக்குச் செல்லுமாறே வேண்டியது. ஆகவே திருச்சபையின் பெயரால் இக்காட்சி வாணிகத்தை நியாயப்படுத்த இயலாது.

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டோருக்கு இன்னொன்று எளிதில் விளங்கும். வலை எல்லாவகை மீனையும் வாரிக்கொண்டு கரைக்கு வரும். இழுத்தவர்கள் மடியைத் திறந்து, நல்லதை வேறாகவும் ஆகாததை வேறாகவும் பிரிப்பர். விண்ணரசுக்கு இயேசு கூறிய உவமைகளுள் ஒன்றும் இதுவே. சமூக ஊடகமும் ஒரு வலைதான். ஆனால் அங்கு பிரிப்பவன் இல்லை. அதனினும் கொடியது, ஆகாததையே மேலே தள்ளும் விதி அங்கு எழுதப்பட்டிருந்தமையாகும். பேஸ்புக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சஸ் ஹோகன் 2021இல் வெளிப்படுத்திய உள் ஆவணங்கள், 2017 முதற் சில காலம் கோபக் குறிக்குச் சாதாரண விருப்புக் குறியினும் ஐந்து மடங்கு பெறுமதி அந்நிறுவனத்தின் கணிப்பில் அளிக்கப்பட்டிருந்ததைக் காட்டின. கோபம் மூட்டும் பதிவு அன்பு கூறும் பதிவினும் விரைந்து பரவியது தற்செயலன்று. கரைவலையிற் சம்மாட்டிக்கு எவ்வளவு பங்கு என்பதை வலை இழுப்பவன் அறிவான். இந்த வலையில் சம்மாட்டியின் பங்கு எவ்வளவு என்பதை, தன் செபத்தையும் கண்ணீரையும் அதில் ஏற்றும் விசுவாசி அறியான்.

இவ்வமைப்பு இலங்கைக் கிறிஸ்தவரைச் சோதித்த காலம் 2019ஆம் ஆண்டாகும். ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் மாண்டவர்களுட் பலர் சிறுவர்கள். கருதினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்கலைத் தவிர்க்குமாறு வேண்டினார். கிறிஸ்தவரிற் பெரும்பான்மையோர் அவ்வேண்டுகோளுக்குப் பணிந்தனர் என்பது அவர்தம் பெருமையே. ஆனால் அப்பெருமையைக் கூறி அடுத்து நிகழ்ந்ததை மறைத்தல் ஆகாது. கிறிஸ்தவர் மிகுதியாக வாழும் சிலாபத்தில், மே 12ஆம் திகதி, முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி, வரவிருக்கும் தாக்குதலின் எச்சரிக்கையெனப் பிழையாகக் கொள்ளப்பட்டது. அவர் தாக்கப்பட்டார். பள்ளிவாசல்கள் மீதும் கடைகள் மீதும் கற்கள் வீழ்ந்தன. மறுநாள் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

உயிர்த்த ஞாயிறன்று கொல்லப்பட்டவர்களின் சகோதரர் சிலரேனும், மூன்று வாரத்தின் பின் அயலவன்மீது பொய்ச்சாட்சி கூறியோராயினர். அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லற்க என்னும் கற்பனையைக் கத்தோலிக்கர் எட்டாவதாகவும் சீர்திருத்தச் சபையினர் ஒன்பதாவதாகவும் எண்ணுவர். இலக்கத்திலே அவர்க்கிடையில் வேறுபாடு உண்டு. மீறுவதில் வேறுபாடு காணப்படவில்லை. வந்த செய்தியை மெய்யோ பொய்யோ என ஆராயாது மற்றொருவருக்கு அனுப்புவோர், தாம் எதனையும் கூறவில்லை, பகிர்ந்ததே உண்டு என்பர். நீதிமன்றிற் பிறரின் பொய்யை ஒப்புவிப்பவனும் பொய்ச்சாட்சியே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் திருகோணமலையில், இத்தகைய ஒரு பகிர்வு ஓர் ஊரையே எரிக்க வல்லது.

சொல்லைக் காட்சியாக்குவோருக்கு நேர்வது யாது என்பதற்கு 2023ஆம் ஆண்டும் ஒரு சான்று தந்தது. போதகர் ஜெரோம் பெர்னாண்டோவின் பிரசங்கமொன்றின் காணொளி அவ்வாண்டு மே மாதத்தில் நாடெங்கும் பரவியது. பிற சமயங்களைப் பற்றிய அதன் கூற்றுகள் பெருங் கொந்தளிப்பை எழுப்பின. அவர் டிசம்பரிற் கைதாகி, 2024 ஜனவரியிற் பிணையில் வெளிவந்தார். அவரைச் சிறையிலிட்டமை சரியா என்பது வேறு வினா. ஆர்ப்பரிக்கும் தன் கூட்டத்துக்கெனப் பேசப்படும் சொல்லைத் திரை எல்லாருடைய வீட்டுக்கும் கொண்டுசெல்கின்றது என்பதே இங்கு கொள்ளத்தக்கது. கோணேசர் கோயிலின் நினைவு அழியாத நகரிலிருந்து பேசும் கிறிஸ்தவன், பிறர் சமயத்தைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை நிறுத்தல் வேண்டும்.

கண்டனம் புதியதன்று என்று கூறுவோர் உளர். உதயதாரகை 1841இல் தோன்றிய காலந்தொட்டு யாழ்ப்பாணத்திற் கிறிஸ்தவரும் சைவரும் அச்சில் மோதிக்கொண்டனர் என்பதும், ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார் என்பதும் உண்மை. அக்கண்டனங்கள் கடுமையானவையே. எனினும் அங்கு நூலுக்கு நூல் விடையாயிற்று. எதிரியின் வேதத்தைக் கற்றே எதிரி மறுக்கப்பட்டான். வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியிற் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவிய நாவலரின் கண்டனத்துக்குப் பின்னே பல்லாண்டுக் கல்வி இருந்தது. ஒரு விரலசைவிற் பரவும் தூஷணத்தை அதனோடு ஒப்பிடுதல் நாவலருக்கும் இழுக்கு. அவரை எதிர்த்த பாதிரிமாருக்கும் இழுக்கு.

கிழக்கிலங்கைக்குச் சாட்சியின் இலக்கணத்தைக் கற்க அயல்நாடு செல்லவேண்டியதில்லை. அமெரிக்க இயேசுசபைக் குருவாகிய யூஜின் ஹேபர்ட் 1948இல் இங்கு வந்து, கற்பித்தும் இளைஞருக்குத் தொழில் பயிற்றியும் வாழ்ந்தார். 1990 ஆகஸ்டில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே இரத்தம் ஓடியபோது, துன்புற்றோரிடம் சென்றுவருவதை அவர் நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டவர் மீளவில்லை; உடன் சென்ற இளைஞரும் மீளவில்லை. அவர் எவரிடம் சென்றாரோ அவர்களே அப்பயணத்தை அறிவர்.

படம் சாட்சியாக இயலாது என்பதும் இதன் பொருளன்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் குண்டு வெடித்து மாண்டனர் என்று கூறப்பட்டபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்தவர் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அம்மாதம் 24ஆம் திகதி அவர் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர். மன்றிற் சாட்சியம் போதாமற்போன இடத்தில் அப்படங்கள் இன்றும் பேசுகின்றன. எடுத்தவன் விலை கொடுத்த படம் சாட்சி. எடுத்தவனுக்கு விருப்புக் குறிகளை ஈட்டிக்கொடுக்கும் படம் காட்சி. வேறுபாடு கருவியிலன்று.

ஆதலால் இவ்வூடகம் சாத்தானின் கருவி, அதனைத் தீண்டலாகாது என்போரின் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. 2020 ஏப்ரல் 12ஆம் திகதி, ஊரடங்கில் ஆலயங்கள் பூட்டிக் கிடந்த உயிர்ப்பு ஞாயிறன்று, திரைவழி வந்த திருப்பலியே பலருக்கு ஆறுதலாயிற்று. படுக்கையிற் கிடக்கும் முதியவளுக்கும், ரொறன்ரோவிலோ பரிசிலோ இருந்து பாலையூற்று லூர்து அன்னையின் திருவிழாவைக் காண ஏங்கும் மகனுக்கும் அதனை மறுத்தல் கொடுமை. ஆனால் நடக்க வலுவுள்ளவன் ஆலயத்துக்குப் போகாது திரையைப் பார்த்துத் திருப்தியடைவானாயின், அது நோயாளிக்குரிய கஞ்சியை நலமுள்ளவன் பறித்துண்பது போன்றதே.

அரசு தடுக்கட்டும் என்பதும் விடையன்று. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரலிலும் மேயிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன, வதந்தி முடங்கவில்லை. திகனவில் தன் தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று. எரிந்த கடைகளுக்கு அம்மன்னிப்பால் வந்த பயன் எதுவுமில்லை. 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, பொய்யனையும் உண்மை கூறுபவனையும் ஒரே கயிற்றாற் கட்டத்தக்கது. சுகிர்தராஜனின் படங்களையும் ‘பொய்’ எனத் தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு முன்வராது என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

ஆகவே ஒழுங்கு கிறிஸ்தவ சமுதாயத்தின் உள்ளிருந்தே பிறக்கவேண்டும். பெறுபவரின் முகம் காட்டப்படும் தருமப் படம் எந்த ஆலயத்தின் பக்கத்திலும் இடம்பெறலாகாது. நோயாளியின் துன்பம் பிரசங்கியின் விளம்பரமாகலாகாது. அயற் சமயத்தவர் பற்றி வரும் செய்தியை, அச்சமயத்தவர் ஒருவரிடமேனும் கேட்டறியாது எவரும் அனுப்பலாகாது. பொய்ச்சாட்சி பற்றிய கற்பனை, களவும் விபசாரமும் கண்டிக்கப்படும் அதே குரலில், கைத்தொலைபேசியைப் பெயர்சொல்லிச் சுட்டியே பிரசங்கிக்கப்படவேண்டும். பொய்யைப் பரப்பியவன் அது சென்ற குழுவிலேயே அதனைப் பொய்யென ஒப்புக்கொள்ளுதல் அவனது மனந்திரும்புதலின் பகுதியாகவேண்டும்.

இவை பெருங் கோரிக்கைகளல்ல. கரைவலை இழுப்பவன் நாள்தோறும் செய்யும் வேலையையே கிறிஸ்தவனிடம் இவை வேண்டுகின்றன: வலையிற் பட்டதையெல்லாம் சந்தைக்கு அனுப்பாது, கரையில் அமர்ந்து பிரிப்பது. அதற்கும் பொறுமையில்லாதவன் தன்னை மனிதரைப் பிடிப்பவன் என்று சொல்லிக்கொள்ள உரிமையற்றவன்.