களை மருந்தும் கை நடுக்கமும்

1/ "இந்த கெமிக்கல் மூளை செல்களைக் கொல்கிறது" என்று அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். பாதிப் பேர் பயந்துபோய் ஃபார்வர்டு பண்றாங்க. மீதிப் பேர் "லேப்ல தட்டுல பண்ணது தானே, விடுங்க"ங்கறாங்க. ரெண்டுமே தப்புங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

2/ 1982, அமெரிக்காவின் கலிஃபோர்னியா. போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்து போனார்கள். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோய் போலவே இருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் குழுவினரும் தேடியதில், அந்தப் போதைப்பொருளில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று தெரிந்தது.

3/ எம்பிடிபி நேரடியாக நரம்பு செல்லைக் கொல்வதில்லை. மூளையில் உள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்கள்தான் அதை நஞ்சாக மாற்றுகின்றன. டோபமைன் நரம்பு செல், தன் டோபமைனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதே வாசல் வழியாக அந்த நஞ்சையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா முடங்குது. செல்லுக்கு எனர்ஜி கட்!

4/ இப்ப யோசிங்க. துணை செல்களே இல்லாமல் நரம்பு செல்லை மட்டும் தட்டில் வளர்த்து எம்பிடிபி ஊற்றினால், அதன் முழு ஆபத்தும் தெரியாது. 'ராட்' வகை எலியும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். மனுஷன் தாங்க மாட்டான். ஆக, தட்டு "ஆபத்து"ன்னா உடனே அலற வேண்டாம். "ஒண்ணுமில்ல"ன்னாலும் நிம்மதியா தூங்க வேண்டாம்.

5/ இதை ஏன் இப்ப சொல்றேன்? எம்பிடிபியிலிருந்து உருவாகும் அந்த நஞ்சின் வேதி அமைப்புக்கு மிக நெருக்கமானது பாராகுவாட். நம்ம ஊர்ல 'களை மருந்து'. பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு என்று 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இது தொடர்பு மட்டுமே, இதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. தயாரிப்பாளர்களும் மறுக்கிறார்கள்.

6/ சரி, உறுதியாகும் வரை காத்திருக்கலாமா? வேண்டாம் என்பேன். மூளை விவாதம் முடியலைன்னாலும் நுரையீரல் விவாதம் எப்பவோ முடிஞ்சாச்சு. கொஞ்சம் விழுங்கினாலே கிட்னி, நுரையீரல் போகும். மாற்று மருந்து கிடையாது. முதல் நாள் நல்லா பேசிட்டிருப்பாங்க. அதுதான் கொடுமை.

7/ ஐரோப்பிய யூனியனில் 2007 முதல் அனுமதி இல்லை. கேரளா 2011இல் தடை செய்தது. இலங்கை 2008இல் தொடங்கி படிப்படியாக நிறுத்தியது. அங்கே பூச்சிக்கொல்லி மரணங்கள் குறைந்தன, நெல் விளைச்சல் குறையவில்லை. நமக்கும் நாடு முழுமைக்கும் தடை வேண்டும். இதுதான் என் நிலைப்பாடு.

8/ அதுவரை:
🔸 வெறும் கையால் கலக்காதீங்க. கையுறை, முழுக்கை சட்டை போடுங்க.
🔸 காத்துக்கு எதிரா அடிக்காதீங்க.
🔸 கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீங்க.
🔸 யாராவது விழுங்கிவிட்டால், "நல்லாத்தானே இருக்கார்"னு காத்திருக்காம உடனே 108க்கு போன் பண்ணுங்க. டப்பாவையும் கையோடு கொண்டு வாங்க.

9/ பேருதான் மருந்து. அது நஞ்சு. வயலுக்குப் போகும் உங்க அப்பா, அண்ணன், சித்தப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.