முத்திரையில்லாத தராசு



இந்த வாரம் ஆவடி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் செல்லும்போது, தக்காளி விற்பவரின் தராசைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் அரசாங்கத்தின் முத்திரை இருக்கவேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அந்தத் தராசு சோதிக்கப்பட்டு மறுபடியும் முத்திரையிடப்படவேண்டும். முத்திரை இல்லையென்றால், தொழிலாளர் துறையின் ஆய்வாளர் அபராதம் விதிக்க 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு கிலோ தக்காளியில் ஐம்பது கிராம் குறைந்தால் நம் நாட்டில் அது குற்றம்.

குற்றமாகவே இருக்கட்டும், அது நியாயம். ஆனால் பல கோடி ரூபாயை முன்கூட்டியே வசூலித்துக்கொண்டு, இசை நிகழ்ச்சிக்கு அனுமதிச் சீட்டு விற்பவருடைய தராசில் யாருடைய முத்திரை இருக்கிறது? மைதானத்தில் எத்தனை பேருக்கு இடம் உண்டு, எத்தனை சீட்டு விற்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் வாங்குகிறவன் கண்முன் வைக்கவேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்துவது யார்? இன்றைய தியானம் இந்தக் கேள்வியைப் பற்றியது.

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரை அடுத்த ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்து, மழையினால் ஒத்திவைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. காவல்துறை அப்போது தெரிவித்தபடி, அனுமதி பெறப்பட்டது ஏறத்தாழ 20,000 பேருக்கு. வந்து சேர்ந்ததோ அதைவிடப் பல ஆயிரம் அதிகமான கூட்டம். ஆயிரக்கணக்கில் விலைகொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் வாயிலைக்கூட நெருங்க முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தார்கள். தங்கள்மீது கைவைக்கப்பட்டதாகப் பெண்கள் வெளிப்படையாகக் கூறினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை மணிக்கணக்கில் உறைந்து நின்றது.

மறுநாள் ரகுமான், உள்ளே நுழைய முடியாதவர்கள் தங்கள் சீட்டின் நகலையும் குறையையும் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளரான ஏசிடிசி நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பொறுப்பேற்பதாக அறிவித்தது. தாம்பரம் காவல் ஆணையரகம் விசாரணை நடத்தி வழக்கும் பதிந்தது. இவை யாவும் நடந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் சகோதரரே, சகோதரியே, இவை யாவும் நிகழ்ச்சி முடிந்த பிறகு நடந்தவை. சீட்டு விற்கப்பட்ட வாரங்களில் யாரும் எண்ணவில்லை. எண்ணும்படி எந்தச் சட்டமும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. குறை அங்கே இருக்கிறது.

சீட்டு என்பது என்ன? அது ஒரு வாக்கு. ‘உனக்கென்று இங்கே ஓர் இடம் உண்டு’ என்று பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த வாக்கு. இடமே இல்லாத இடத்தை விற்பவன், அளவு குறைத்து விற்பவனைவிட ஒருபடி மேலே போகிறான். வெறுந்தட்டை நிறுத்துக் காட்டிக் காசு வாங்குகிறான். ஆமோஸ் தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். படியைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த வணிகரைக் குறித்து அவர் முழங்கினார். அவர்கள் விற்றது கோதுமை. இன்று விற்கப்படுவது இருக்கை. பண்டம் மாறியிருக்கிறது, பாவம் மாறவில்லை.

இரண்டாவது அநியாயம் பதுக்கல். 2024 செப்டம்பர் 22, அதுவும் ஞாயிற்றுக்கிழமையே. நவி மும்பையில் 2025 ஜனவரியில் நடக்கவிருந்த ‘கோல்ட்பிளே’ குழுவின் நிகழ்ச்சிக்குப் புக்மைஷோ தளத்தில் விற்பனை திறக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இணையத்தில் வரிசை கட்டினார்கள். இடம் கிடைத்தவர் மிகச் சிலர். விற்பனை முடிந்த சூட்டோடு 2,500 ரூபாயில் தொடங்கிய சீட்டுகள் வேறு தளங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைகூறப்பட்டன. தனக்கும் அந்தத் தளங்களுக்கும் தொடர்பில்லை என்று கூறிய புக்மைஷோ, காவல்துறையிடம் தானே புகாரும் அளித்தது. அமலாக்கத்துறை அக்டோபரில் ஐந்து நகரங்களில் சோதனை நடத்தியது. இதற்கெல்லாம் ஒரு நெறிமுறை வேண்டும் என்று மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு போடப்பட்டது. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின், அரசின் வேலை என்று கூறி நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்தது.

தானியத்தைக் கட்டிவைத்து விலையேறக் காத்திருப்பவனை ஜனங்கள் சபிப்பார்கள் என்று நீதிமொழிகளின் பதினோராம் அதிகாரம் எச்சரிக்கிறது. தானியங்கி மென்பொருளைக் கொண்டு நொடிப்பொழுதில் நூறு சீட்டை வாரிக்கொண்டு, பிறகு பத்து மடங்குக்கு விற்பவன் செய்வது வேறென்ன? அவன் பாடவில்லை, மேடை கட்டவில்லை, ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கிப்போடவில்லை. பிறர் ஆசைக்கும் பிறர் உழைப்புக்கும் நடுவே நின்று சுங்கம் வசூலிக்கிறான்.

மூன்றாவது, மறைவிலை. முதல் பக்கத்தில் ஒரு விலை. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வேறொரு விலை. நடுவில் ‘வசதிக் கட்டணம்’ என்று ஒன்று முளைக்கிறது. யாருக்கு வசதி? வேறு எந்த வாசலிலும் அந்தச் சீட்டு கிடைக்காதபோது, அந்த ஒரே வாசலில் நுழைவதற்கான கட்டணத்தை வசதி என்று அழைப்பது வார்த்தையையும் சேர்த்து ஏமாற்றுவதாகும். எருசலேம் தேவாலயத்தின் பிராகாரத்தில் புறா விற்றவர்களும் காசு மாற்றியவர்களும் இந்த மர்மத்தை அறிந்திருந்தார்கள். தூரதேசத்திலிருந்து வந்தவனுக்கு வேறு வழியில்லை. அவனுடைய வழியில்லாமையே அவர்களுடைய லாபம். அந்தப் பலகைகளை நம் ஆண்டவர் கவிழ்த்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கே மூன்று எதிர்வாதங்கள் எழும். அவற்றுக்கும் செவிகொடுப்போம்.

‘இசை நிகழ்ச்சி ஆடம்பரம், அரிசியா பருப்பா, இதற்குப் போய்ச் சட்டமா?’ என்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்க்கும் இளைஞன் மாதம் சிறிது சிறிதாகச் சேர்த்து, தன் தாயையும் தங்கையையும் ஒரு நாள் பாட்டுக் கேட்க அழைத்துச் செல்கிறான். அந்தப் பணத்துக்கும் வியர்வை நாற்றம் உண்டு. நேர்மையான அளவு அரிசிக்கு மட்டும் என்று வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. மேலும் இது பணத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாயில்களில், கிரிக்கெட் வெற்றி விழாவைக் காண வந்த 11 பேர் நெரிசலில் மாண்டார்கள். உள்ளே எத்தனை இடம், வெளியே எத்தனை பேர் என்ற கணக்கு தவறும்போது, அதற்கான விலை உயிராகவும் கேட்கப்படும். பனையூரிலிருந்து அனைவரும் உயிரோடு வீடு திரும்பியது கிருபை. அந்தக் கிருபையை எந்த ஏற்பாட்டாளரும் தன் திட்டத்தின் ஒரு பகுதியாக எழுதிக்கொள்ளக்கூடாது.

‘விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும்’ என்பார்கள். சந்தை என்றால் விற்பவனும் வாங்குபவனும் ஒரே உண்மையை அறிந்திருக்கவேண்டும். எத்தனை சீட்டு பொதுமக்களுக்கு, எத்தனை விளம்பரதாரருக்கு, எத்தனை இலவசமாக ஒதுக்கப்பட்டது என்பதை மறைத்துவிட்டு, ‘இன்னும் சில சீட்டுகளே உள்ளன’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுவது சந்தை அல்ல; பொறி. இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதையும், கடைசிப் பக்கத்தில் விலையேற்றுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்திருக்கின்றன. தடை ஏட்டில் இருக்கிறது. தண்டனை நாட்டில் காணோம்.

‘இதையெல்லாம் கட்டுப்படுத்த முடியாது’ என்பார்கள். முடியும். இரயில் பயணச்சீட்டை அனுமதியின்றி வாங்கி விற்கும் தொழில் செய்தால், 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. இடமில்லையென்றால் காத்திருப்போர் பட்டியல் என்று இரயில்வே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் திரையரங்குகளுக்கு 1955 முதல் தனிச் சட்டம் உண்டு. இருக்கைகளின் எண்ணிக்கை உரிமத்திலேயே குறிக்கப்படுகிறது, கட்டணத்துக்கு அரசாணை உச்சவரம்பு விதிக்கிறது. ஐந்நூறு இருக்கையுள்ள திரையரங்கில் ஐந்நூற்றொன்றாவது சீட்டு குற்றமென்றால், திறந்தவெளி மைதானத்துக்கு மட்டும் ஏன் வேலியில்லை? அயர்லாந்து நாடு 2021-இல் சட்டம் இயற்றி, ஆயிரம் பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் அரங்குகளின் நிகழ்ச்சிச் சீட்டுகளை அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடுத்துவிட்டது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் கேளிக்கைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே டெல்லியை நோக்கி விரல் நீட்டவேண்டிய அவசியம் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலேயே இதற்கான அதிகாரம் இருக்கிறது.

என்ன கேட்கவேண்டும்? நான்கு காரியங்கள் போதும்.

முதலாவது, காவல்துறை எத்தனை பேருக்கு அனுமதி அளித்ததோ அதற்கு மேல் ஒரு சீட்டும் விற்கலாகாது. அந்த எண்ணிக்கை ஒவ்வொரு சீட்டிலும் அச்சிடப்படவேண்டும். இலவச ஒதுக்கீடும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

இரண்டாவது, கட்டணங்கள் யாவும் சேர்ந்த முழு விலை முதல் பக்கத்திலேயே தெரியவேண்டும்.

மூன்றாவது, அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது. போகமுடியாதவர் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்க, விற்ற தளமே வழிசெய்யவேண்டும்.

நான்காவது, நிகழ்ச்சி நடந்து முடியும்வரை வசூலில் பெரும்பங்கு தனி வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். திருமுல்லைவாயிலிலும் பூவிருந்தவல்லியிலும் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியோர் இதை அறிவீர்கள். வீடு வாங்குவோர் தரும் பணத்தில் எழுபது விழுக்காட்டைக் கட்டுமான நிறுவனம் தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு உள்ள காவல் சீட்டுக்கும் இருக்கட்டும்.

சட்டம் வரும்வரை சும்மாயிருக்கவேண்டியதில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிகழ்ச்சி பனையூரில் நடந்தாலும் மும்பையில் நடந்தாலும், ஆவடியில் குடியிருப்பவர் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டாண்டுகளுக்குள் போடவேண்டும். சீட்டையும் பணம் கட்டிய இரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவது பொறுமையைப்போலத் தோன்றும். ஆனால் அடுத்து ஏமாறப்போகிறவனை நாம் கைவிடுகிறோம் என்பதே அதன் பொருள்.

வாலிபப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கையில் ஒரு சீட்டு கூடுதலாக இருந்து, நண்பன் இரண்டு மடங்கு தருகிறேன் என்றால், அந்த வேளையில் நீங்கள்தான் தராசைப் பிடித்திருக்கிறீர்கள். அசல் விலைக்குக் கொடுங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சீட்டைக் கள்ளச்சந்தையில் விற்றுக் கைதாகிறவர்களைப்பற்றிச் செய்தித்தாளில் படித்துத் தலையை ஆட்டுகிற நாம், கைப்பேசிக் குழுவில் அதையே செய்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது. கள்ளவிலைக்கு வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். நம் அவசரமே அந்த வணிகத்தின் முதலீடு.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. கிறிஸ்தவ இசை விழாக்களில் நன்கொடைச் சீட்டு என்ற பெயரில் விலை வைத்து, முன்வரிசைச் சோபாவைப் பணமுள்ளவர்களுக்கு ஒதுக்கி, கந்தை உடுத்தியவனைத் தூணோரம் நிறுத்தும் வழக்கம் எங்கே இருந்தாலும், யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அதைக் கண்டித்தே இருக்கிறார். அரசிடம் நாம் கேட்கும் எண்ணிக்கையும் வெளிப்படையும் நம் கூட்டங்களில் முதலில் காணப்படட்டும். இத்தனை இருக்கை, இத்தனை சீட்டு, வசூலான தொகை இவ்வளவு, செலவு இவ்வளவு என்று வாசலில் எழுதி ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் வரவேண்டியதில்லை.

தக்காளி விற்பவரிடம் கேட்கப்படும் நேர்மையே கோடிகளை வசூலிப்பவரிடமும் கேட்கப்படவேண்டும். ஏழையின் தராசுக்கு ஒரு முத்திரையும் செல்வந்தரின் தராசுக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கும் தேசத்தில் இரண்டு வகை நிறைகற்கள் புழங்குகின்றன. அந்த இரட்டை நிறை கர்த்தருக்கு அருவருப்பு என்று நாம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறோம். நம் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவாக அதையே எழுதிக் கொடுப்போம். இந்த நான்கு கோரிக்கைகளையும் ஒரே தாளில் எழுதி, சபையாரின் கையொப்பத்தோடு அளிக்கலாம். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாசலருகே அந்தத் தாள் வைக்கப்பட்டிருக்கும். வாசித்து, மனதுக்குச் சரியென்று தோன்றினால் கையொப்பமிடுங்கள்.

நீதியின் தேவன் உங்கள் கைகளின் பிரயாசத்தையும், அதனால் ஈட்டிய ஒவ்வொரு ரூபாயையும் காப்பாராக.