விடுதலையானவரும் விடாத ஏடும்

நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபட்ட கருத்து இல்லை. மூடிய அறைக்குள் ஏழைக்கு நீதி வழங்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பம்பாயிலிருந்து சென்ற மிராஜ்கர் வழக்கில் 1966-லேயே உச்ச நீதிமன்றம், விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான் நடக்க வேண்டும், விலக்கு அரிதாகவே இருக்கலாம் என்று கூறிவிட்டது. நல்லது. ஆனால் கதவைத் திறந்து வைப்பது வேறு, உள்ளே நின்றவனின் பெயரைச் சொல்லி ஊர் ஊராகத் தமுக்கடிப்பது வேறு. இன்று நடப்பது இரண்டாவது.

முன்பெல்லாம் வழக்கு முடிந்தால் கட்டு பதிவறைக்குப் போகும். வேண்டுவோர் வழக்கு எண்ணைத் தெரிந்துகொண்டு, மனுப்போட்டு, கட்டணம் கட்டி நகல் வாங்க வேண்டும். பொது ஆவணம்தான், ஆயினும் தேடுகிறவருக்கு ஒரு காரணமாவது இருந்தாக வேண்டும். அந்தச் சிரமமே எளிய மனிதனுக்குப் போர்வையாக இருந்தது. 2007-இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டம் அந்தப் போர்வையை எடுத்துவிட்டது. கட்சிக்காரரின் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் கீழமை நீதிமன்ற வழக்குகூட வந்து நிற்கும். அங்கேயாவது படத்தில் உள்ள கோணல் எழுத்துகளைப் பார்த்துத் தட்டினால்தான் உள்ளே விடுவார்கள். தீர்ப்புகளை எடுத்துப் போடும் தனியார் இணையதளங்கள் பலவற்றில் அந்தத் தடையும் இல்லை. நீதிமன்றம் தடுத்திருந்தாலன்றித் தீர்ப்பை யாரும் மறுபதிப்புச் செய்யலாம் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. ஆகவே கூகுளில் பெயரைத் தட்டியதும் குற்றச்சாட்டு முதலில் வருகிறது. விடுதலை என்ற சொல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது; அதுவரை யார் படிக்கிறார்கள்?

இதில் சிக்குகிறவர்கள் யார்? தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் அம்பர்நாத்திலும் வாழும் நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். இரயில்வேச் சட்டம் 1989-இன் 137-ஆவது பிரிவில் டிக்கெட் இல்லாப் பயணம், 144-இல் அனுமதியின்றி வண்டியில் விற்பது, 147-இல் தண்டவாளத்தைக் கடப்பது. இட்லிக் கூடையோடு பிடிபட்டவர், மாலைக்குள் வீடு போக வேண்டுமே என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவார். குடிசை இடிப்பைத் தடுக்கப் போனவர், ஆலை வாசலில் கோஷம் போட்டவர், இவர்கள் மீதும் வழக்கு இருக்கும். வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவனை விட இவர்களின் பெயர்தான் ஏட்டில் எளிதில் ஏறுகிறது. பத்தாண்டுகள் கழித்து மகன் செக்யூரிட்டி வேலைக்கோ, தானே பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது அந்த ஏடு விரிகிறது.

நம் பெயர்களால் வரும் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. இதை வடவர்க்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். மராட்டியக் காவல் நிலையத்தில் அந்தத் தந்தை பெயரே கடைசிப் பெயராக ஏறிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். முருகன், செல்வம், மாரியப்பன் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்! இரயில்வே எழுத்தர்களுக்கு இது புதிதல்ல. ஒரே பெட்டியில் மூன்று முருகன் இருந்தால் வயதையும் பெர்த் எண்ணையும் பார்த்துத்தான் பிரிப்போம். வேலைக்கு ஆள் எடுக்கும்முன் பின்புலம் சரிபார்க்கும் கம்பெனிகள் அந்தப் பொறுமை காட்டுமா? பெயர் ஒத்தால் கறுப்புக் கோடு. எந்த வழக்கும் இல்லாதவன், ஏன் வேலை மறுக்கப்பட்டது என்றே தெரியாமல் வீடு திரும்புகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-இல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. ஆனால் நீதிமன்றப் பதிவு உட்படப் பொது ஆவணத்தில் வந்துவிட்ட செய்திக்கு அவ்வுரிமை நில்லாது என்றும் சொன்னது. பாலியல் கொடுமைக்கு உள்ளான பெண்களை மட்டும் விலக்கியது. தேடுபொறி இல்லாத காலத்துத் தீர்ப்பு அது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்தனர். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவரின் தீர்ப்பை ‘இந்தியன் கானூன்’ தளம் நீக்க வேண்டும் என உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

நாடாளுமன்றம் வழி காட்டியதா? 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டக் கடமைப்படி வெளியிடப்பட்ட தரவுக்குத் தான் பொருந்தாது என்று ஒதுங்கிக்கொண்டது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்தி, ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லிக் கேள்வியைத் திருப்பி அனுப்ப அதிகாரிகளுக்கு வசதி செய்து தந்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. பொதுநலன் பேசும் 8(2) எஞ்சியிருக்கிறது என்பது சிறு ஆறுதல். அதிகாரிக்குத் திரை, இட்லிக் கூடைக்காரருக்கு வெளிச்சம்! இதுவோ அந்தரங்கப் பாதுகாப்பு?

அதற்காகத் தீர்ப்புகளையே அழிக்கச் சொல்லும் கூட்டத்தோடு நாம் சேர மாட்டோம். 2008-இல் ‘இந்தியன் கானூன்’ வருமுன் ஒரு தீர்ப்பைப் படிக்க வழக்கறிஞரின் அலமாரியை நாடினோம். இளமையில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்கைச் சரிபார்ப்புப் படிவத்தில் குறிப்பிடாமல் விட்டதை அதிகாரி பொறுத்துக்கொள்ளலாம் என்ற 2016-ஆம் ஆண்டு அவதார் சிங் தீர்ப்பை இன்று நம் தோழர் கைப்பேசியில் எடுத்துக் காட்டுகிறார். அது பறிபோகக் கூடாது. மேலும், உயர் நீதிமன்றம் வரை போய்ப் பெயரை நீக்க யாரால் முடியும்? கடன் ஏய்த்தவனும் ஒப்பந்தக்காரனும்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள்.

கனடாவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்குள்ள இலவசச் சட்டத் தளமான கேன்லீ, தீர்ப்பு முழுவதையும் தன்னிடத்தில் படிக்கத் தருகிறது. வெளித் தேடுபொறிகள் பெயரைக் கொண்டு அதற்குள் புகாதபடி தடுத்து வைத்திருக்கிறது. ருமேனியாவிலிருந்து நடத்தப்பட்ட குளோப்24எச் என்ற தளம் அந்தத் தீர்ப்புகளை எடுத்துப் போட்டுத் தேடலுக்குத் திறந்து விட்டது. நீக்கச் சொன்னவர்களிடம் காசும் கேட்டது. 2017-இல் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அது சட்டமீறல் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பும் இருக்கிறது, மனிதனும் பிழைக்கிறான்.

இங்கும் அதைத்தான் கேட்கிறோம். தீர்ப்பின் வாசகமும், நீதிபதி, அதிகாரி, கம்பெனி ஆகியோரின் பெயர்களும் அப்படியே இருக்கட்டும். விடுதலையானவர், அபராதத்தோடு முடிந்த சிறு வழக்கினர் ஆகியோரின் பெயர் தனியார் தளங்களில் முதலெழுத்தாக நிற்கட்டும். வெளித் தேடலில் வராதிருக்கட்டும். அதை ரிட் மனுப் போட்டுத்தான் பெற வேண்டும் என்றில்லாமல் நீதிமன்ற அலுவலகமே விதிப்படி செய்யட்டும். பெயரை வைத்து வேலை மறுக்கும் நிறுவனம் எந்த வழக்கு என்று எழுத்தில் சொல்லக் கடமைப்படட்டும்.

அதுவரை, வழக்கில் விடுதலை பெற்ற நம்மவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒற்றுமையால் வேலை இழந்தவர்கள், நிறுவனம் அனுப்பிய கடிதமோ குறுஞ்செய்தியோ எதுவாயினும் அழிக்காமல் ஞாயிறன்று சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். மனுக்களோடு இணைக்க அவை தேவைப்படும்.