உவர்நீர்த் தக்காளிக்கு ஒரு மரபணு போதுமா?

மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 மே 4 அன்று அறிவித்தார். அவற்றுள் ஒன்றான 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1' வறட்சியையும் உவர்நிலத்தையும் தாங்கும் என்கிறது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம். நெல்லுக்கு இயன்றது தக்காளிக்கு இயலாதா என்ற கேள்வி காரியாபட்டி போன்ற வட்டாரங்களுக்கு வெறும் அறிவியல் ஆர்வம் அன்று. மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடைப்பட்ட இந்த மானாவாரிப் பகுதியில், கண்மாய் வற்றிய மாதங்களில் காய்கறிச் சாகுபடிக்கு ஆழ்துளைக் கிணறே கதி. விருதுநகர் மாவட்டத்தின் பல ஊர்களில் அந்த நீர் உவர்நீர்.

தக்காளி உப்பை ஓரளவே பொறுக்கும். மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் விளைச்சல் குறைவதில்லை. அதன்பின் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு சரிகிறது. 5 அலகைத் தொட்டால் கால்பங்கு விளைச்சல் போய்விடும். உவர்நீரில் காய்த்த பழம் சிறுத்தாலும் இனிப்பு கூடியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் சந்தையில் விலை எடைக்குத்தான், இனிப்புக்கு அன்று.

உப்பைத் தாங்கும் திறன் தக்காளிக் குடும்பத்துக்கு அந்நியமானது அன்று. கலாபகஸ் தீவுகளில் கடலோரத்திலேயே வளரும் காட்டுத் தக்காளி உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ரிக் அதன் விதைகளைத் திரட்டினார். அவ்விதைகள் முளைக்க மறுத்தபோது, அத்தீவின் பேராமைக்கு உண்ணக் கொடுத்து, அதன் குடல் வழியே வந்தவற்றை முளைக்கச் செய்த கதை தாவரவியலாளர் வட்டாரத்தில் புகழ்பெற்றது. பயிரான தக்காளி அந்தத் திறனை ஏன் இழந்தது? எச்ஏகே20 எனப்படும் மரபணு, வேரிலிருந்து மேலேறும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சமன்செய்ய உதவுகிறது. காட்டுத் தக்காளியிலிருந்து பயிர்த் தக்காளி உருவானபோது இம்மரபணுவின் வலுவான வடிவம் நழுவிப்போனதைச் சீன ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். பெரிய பழத்தைத் தேடித் தேடி விதை எடுத்த மனிதன், வேரில் நடந்த இழப்பைக் கவனித்திருக்க வழியில்லை.

இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சியும் புதிதன்று. எட்வார்டோ புளும்வால்ட் குழுவினர் 2001-இல் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியின் மரபணுவொன்றைத் தக்காளியில் மிகையாகச் செயல்பட வைத்தார்கள். உள்ளே வரும் சோடியத்தை இலைச் செல்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் அடைத்துவைப்பது அதன் வேலை. லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்பு கலந்த நீரில், அதாவது கடல்நீரில் உள்ள உப்பில் மூன்றில் ஒரு பங்கு கொண்ட நீரில், அச்செடிகள் பூத்துக் காய்த்தன. உப்பு இலையில் தங்கியது. பழத்தில் அதிகம் சேரவில்லை. உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடிய அந்தத் தக்காளி இன்றுவரை உழவரின் கைக்கு வரவில்லை.

அந்நிய மரபணுப் பயிர்கள்மீதான எதிர்ப்பை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. உப்பு முதலில் வறட்சியைப் போலத் தாக்குகிறது. நீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. பிறகு சோடியம் இலையில் குவிந்து நஞ்சாகிறது. இந்த இரண்டையும் எதிர்கொள்ளும் மரபணுக்கள் வேறுவேறு. முளைக்கும் பருவத்தில் தாங்கும் செடி, பூக்கும் பருவத்திலும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. நெல்லிலேகூட, கேரளத்தின் பொக்காளியிலிருந்து அறியப்பட்ட 'சால்டால்' பகுதி பெரிதும் நாற்றுப் பருவத்துக்கே துணைநிற்கிறது.

பூசா நெல்லின் வழி வேறு. அதில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. தாங்கும் திறனுக்குத் தடையாக இருந்த 'டிஎஸ்டி' மரபணு முடக்கப்பட்டது. இப்படி அயல் மரபணு எஞ்சாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு கடும் விதிகளிலிருந்து விலக்களித்தது. அந்த விலக்கு நியாயமானதே என்பது என் கருத்து. தமிழகத் தோட்டங்களில் நெடுங்காலமாகக் காய்க்கும் பெரியகுளம் பிகேஎம் 1 தக்காளியும், அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்தில் செயற்கையாக மரபணுப் பிறழ்வைத் தூண்டிப் பெறப்பட்டதுதான்; அதை யாரும் அஞ்சியதில்லை. ஆனால் விதி தளரும்போது களச் சோதனையின் பொறுப்பு கூடுகிறது. பூசா நெல் குறித்த கூற்றுகளுக்குக் குழுமத்தின் சொந்தச் சோதனை அறிக்கைகளே ஆதரவாக இல்லை என்று மரபணு மாற்றுப் பயிர் எதிர்ப்பாளர்கள் குற்றஞ்சாட்டினர், குழுமம் மறுத்தது. எல்லாத் தரவுகளையும் எவரும் படிக்கும்படி வெளியிட்டிருந்தால் இந்தச் சர்ச்சைக்கு ஆயுள் குறைந்திருக்கும்.

தக்காளிக்கு இப்பணியைத் தொடங்கினால் முதலில் கேட்க வேண்டியது, எந்த நீரில் சோதிப்பது என்பதே. ஆய்வகத்தில் ஊற்றப்படுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு கரைசல், அதுவும் மணலிலோ ஊட்டக் கரைசலிலோ வளரும் செடிக்கு. கிணற்று நீரில் பைகார்பனேட்டும் மக்னீசியமும் கலந்திருக்கும். கரிசலில் சோடியம் ஏறினால் களிமண் துகள் சிதறி, மண் இறுகி, காற்றும் நீரும் வேருக்குப் போகாமல் அடைபடும். அந்த மூச்சுத்திணறலுக்கு, சோடியத்தை அடைத்துவைக்கும் மரபணு மருந்தாகாது. ஆகவே காரியாபட்டியில் நடப்போகும் ரகத்தைக் காரியாபட்டி போன்ற கரிசலில், அங்குள்ள கிணற்று நீரில்தான் சோதிக்க வேண்டும். அருகிலேயே அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இதைத் தனியார் விதை நிறுவனங்கள் செய்யும் என்று எதிர்பார்ப்பது வீண். இன்று பல உழவர்கள் விதையைக்கூட வாங்குவதில்லை. நாற்றுப்பண்ணையில் வீரிய ஒட்டு ரகத்தின் குழித்தட்டு நாற்றை வாங்கி நடுகிறார்கள். அந்த ரகங்கள் நல்ல நீரும் உரமும் கிடைக்கும் நிலத்தை மனத்தில் வைத்து உருவானவை. உவர்நீர்க் கிணறு வைத்திருக்கும் சிறு உழவர் அவர்களுக்கு ஆதாயமான வாடிக்கையாளர் அல்லர். பொதுத்துறை செய்யாவிட்டால் எவரும் செய்யப்போவதில்லை. ஏற்கெனவே தமிழக மண்ணுக்குப் பழகிய பிகேஎம் 1 இருக்கிறது, அதில் காட்டு இனத்தின் மரபணுக்களைச் சேர்ப்பதற்குக் கலப்பினப் பெருக்கமும் திருத்தமும் உள்ளன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. செடி உப்பைத் தாங்குவதால் நிலத்தின் உப்பு குறைந்துவிடாது. ஒவ்வொரு பாசனமும் ஒரு படி உப்பை விட்டுச் செல்கிறது. அதைக் கழுவி இறக்குவது மழைநீரும் கண்மாய்நீரும்தான். வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்க, தாங்கும் ரகத்தை மட்டும் கையில் கொடுத்தால், மேலும் உவரான நீரை மேலும் சில ஆண்டுகள் இறைக்க அது உதவும். அதற்குப் பிறகு அந்த மண்ணில் தக்காளி மட்டுமன்று, பருத்தியும் சோளமும்கூடத் தடுமாறும். ரகத்துக்கான திட்ட அறிக்கையிலேயே கிணற்று நீர்ப் பரிசோதனைக்கும் வரத்துக்கால் சீரமைப்புக்கும் நிதி எழுதப்பட வேண்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு அன்று.