அறிவின் பெயரால்

ஓர் அரசு சட்டம் வகுக்கும்போது விஞ்ஞானம், சமயம், அறம் என்னும் மூன்றன் குரலையும் கேட்டல் வேண்டும். கேடு விளைப்பது எது என விஞ்ஞானம் கூறும். மக்கள் போற்றுவது எது எனச் சமயம் கூறும். இரண்டும் முரணுமிடத்துச் சீர்தூக்கி முடிவு செய்வது அறத்தின் கடன். இவற்றுள் விஞ்ஞானத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் சொல்லைக் கேளாதுவிடின் என்ன நேரும் என்பதை அண்மையில் நம் நாடு கண்டது.

கொரோனாத் தொற்றால் இறந்தோரின் உடலங்களைத் தகனஞ் செய்தே ஆகவேண்டும் என 2020 ஏப்ரலில் அரசு வர்த்தமானி வாயிலாக விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. கிணற்று நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தார் அவ்வச்சத்தை எள்ளி நகையார். அஞ்சியது குற்றமன்று, ஆய்ந்தோர் கூறியதைக் கேளாமையே குற்றம். புதைத்தல், எரித்தல் இரண்டுக்கும் இடமுண்டு என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. வைரசு உயிருள்ள கலத்திலன்றிப் பெருகாது என்பது மாணவரும் அறிந்த பாடம். 2021 தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் நல்லடக்கத்துக்குத் தடையில்லை என்றது. இதற்கிடையே, 2020 டிசெம்பரில், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் சிசுவொன்றின் உடல், பெற்றோர் இசையாதிருந்தும் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெண்துணி கட்டித் தம் துயரைக் காட்டினர்.

தகனம் சைவர்க்கு வழக்காதலின் அவ்வாணை நம்மைச் சுடவில்லை. எனினும், துறவியரைச் சமாதி வைப்பதும் குழந்தைகளைப் புதைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கங்களே. எரிப்போரும் புதைப்போரும் தாழியாற் கவிப்போரும் ஒரே நகரத்துச் சுடுகாட்டில் அடுத்தடுத்துத் தம் கடன் கழித்தமையை மணிமேகலை காட்டுகின்றது. பன்னெடுங்காலத்துக்கு முன்னரே பல்வகை மரபினர்க்கும் இடமளித்த நகர் அது. அன்றியும், துயிலுமில்லங்கள் இடித்தழிக்கப்பட்டமையைக் கண்டவர் நாம். இறந்தோர்க்குரிய மண்ணை இழத்தல் யாதென எமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரை நிகழ்ந்த பேரணி, கட்டாயத் தகனத்தை நிறுத்துக என்னும் கோரிக்கையையும் தாங்கிச் சென்றமை அவ்வுணர்வின் வெளிப்பாடே.

அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு நன்றே, ஆயினும் எரிந்த உடல் மீளாது.

இதனாற் சமயத்தினர் மட்டுமன்றி, விஞ்ஞானமும் இழுக்குற்றது. பொய்க்காரணத்துக்கு அதன் பெயரை ஒருகால் வழங்கினால், அது மெய்யுரைக்கும் நாளிலும் மக்கள் ஐயுறுவர். மெய்யான தேவை நேரின் சடங்கை விட்டுக்கொடுத்தல் சமயத்தார் கடன். அத்தேவையை ஐயமற நிறுவுதல் அரசின் கடன். நிறுவ இயலாதவிடத்து ஆணையைக் கைவிடுதலே அறம். வகுப்பறையில் வைரசைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் உடன் கற்பிப்பாராக.