கூதிர் மழைக்கும் தில்லியில்தான் கணக்கா?

மழைக்கு மொழி உண்டோ என்று நகையாடுவார் உளர். மழைக்கு மொழி இல்லைதான். ஆனால், மழை வருமா வாராதா என்று முன்கூட்டிச் சொல்லும் சொல்லுக்கு மொழி உண்டு. அச்சொல்லை நம்பி விதைமணியை மண்ணில் இறைப்பவனுக்கு வயிறும் உண்டு. அவனுக்கு விளங்காத மொழியில், அவன் ஊருக்குப் பொருந்தாத அளவையில், அவனுடைய பருவத்தை ஒரு பொருட்டாகவே கருதாதவர் சொல்லும் குறி, குறியன்று, கேலி. தமிழ்நாட்டு உழவன் ஆண்டுதோறும் இக்கேலிக்கே ஆளாகி வருகின்றான்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்க. மல்லிகையும் முல்லையும் காக்கரட்டானும் சம்பங்கியும் குவியும் பூச்சந்தை ஊர் அது. வெற்றிலைக் கொடிக்காலும் பலாவும் தென்னையும் சூழ்ந்த செம்மண் ஊர். வற்றாத ஆறு என்று சொல்ல அம்மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் கண்மாய்களுமே அதன் உயிர்நிலை. கல்லணைக் கால்வாயின் கடைமடை அண்மையில் இருந்தும், அந்நிலம் நம்பியிருப்பது துலை, நளித் திங்கள்களில் (ஐப்பசி, கார்த்திகை) வரும் மழையையே. அம்மழை பொய்த்தால், பல நூறு அடி ஆழத்திற்குத் துளையிட்டு நிலத்தின் அடிவயிற்றைக் கீறுவதன்றி அவ்வூர் உழவனுக்கு வேறு வழியில்லை.

அவ்வூர்ப் பெயரைக் கீரனொடு சேர்த்துப் பேசுவது அங்குள்ளார் வழக்கு. ஊரின் மெய்ந்நின்றநாதர் கோயிலில் நக்கீரர்க்குச் சிலையும் உண்டு. அந்த நக்கீரர் பாடிய நெடுநல்வாடை எந்தப் பருவத்தைப் பாடுகின்றது? இதே கூதிர்ப் பருவத்தைத்தான். 188 அடிகளில், பெருமழைக்கு இடம்பெயரும் கோவலர் முதல் குளிருக்கு ஒடுங்கும் பறவையும் விலங்கும் வரை, வாடைக்காலம் உயிர்களை என்ன செய்யும் என்பதை ஒன்றொன்றாகக் கண்டு சொல்கின்றது அப்பாட்டு. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கூதிர்க்குத் தனியிடம் தந்தது தொல்காப்பியம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வைத்தவன் தமிழன். தன் பருவத்தைத் தானே அறிந்து தன் சொல்லாலேயே சொன்ன அந்த இனம், இன்று அப்பருவத்தின் குறியைக் கேட்கத் தில்லியின் வாயைப் பார்த்து நிற்கின்றது!

தில்லிக்கோ மழை என்றால் தென்மேற்கு மழை ஒன்றே. அதற்குக் கரணியமும் உண்டு, வரலாறும் உண்டு. இந்திய ஒன்றியம் பெறும் ஆண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சூன் முதல் செப்தம்பர் வரை பெய்வது. தமிழ்நாட்டிற்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழச் செம்பாதி அக்தோபர் முதல் திசம்பர் வரை பெய்வது. 1876-இல் மழை பொய்த்துத் தாது ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. எண்ணற்ற தமிழர் மாண்டனர். அப்பஞ்சக் காலத்திற்குப் பின்னர்தான் ஆங்கில ஆட்சி நீள்கால மழைக்குறி சொல்லும் முயற்சியில் இறங்கியது. வானிலைத் துறைத் தலைவராயிருந்த பிளான்போர்டு, இமயத்துப் பனியை அளந்து முதல் முறையான குறியை 1886-இல் வெளியிட்டார். எதற்கு? தென்மேற்குப் பருவத்திற்கு! தமிழனுடைய பருவம் அன்றே பின்னிருக்கைக்குத் தள்ளப்பட்டது. வெள்ளையன் போனான், அவன் போட்ட இருக்கை வரிசை மட்டும் மாறவில்லை. சித்திரை பிறக்கும் வேளையிலேயே தென்மேற்கு மழைக்கு ஆரவாரமான அறிவிப்பு. புரட்டாசி நடுவில் வடகிழக்கு மழைக்குப் போகிற போக்கில் ஓர் அறிவிப்பு.

அவ்வறிவிப்பேனும் தமிழ்நாட்டுக்கு உரியதாக முன்நிற்கின்றதா? இல்லை. தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், இராயலசீமை, தென் உட்கருநாடகம் ஆகிய ஐந்து பிரிவுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அம்மூட்டைக்கு ஒரு விழுக்காடு சொல்வதே தில்லியின் வழக்கமாக இருந்து வருகின்றது. மூணாற்று மழையையும் அனந்தப்பூர் வெயிலையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் கீரமங்கலத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கு நீர் கிடைத்துவிடுமா?

'இயல்பு' என்னும் சொல்லைப் பாருங்கள். அத்துறையின் மழைக்கணக்கில், வழக்கமான அளவினும் 19 விழுக்காடு குறைந்தாலும் 'இயல்பு'. 19 விழுக்காடு மிகுந்தாலும் 'இயல்பு'. 20 முதல் 59 வரை குறைந்தால்தான் 'குறைவு'. 60-ஐ எட்டினால் 'பெருங்குறைவு'. வழக்கமாக 400 மில்லிமீட்டர் பெறும் ஊர் 324 மில்லிமீட்டர் பெற்றாலும் ஏட்டில் அஃது இயல்பான ஆண்டே. அந்த 324-உம் மூன்று நாள்களில் கொட்டித் தீர்ந்து, எஞ்சிய எண்பத்தொன்பது நாள்களும் வானம் வெளுத்துக் கிடந்தாலும் இயல்பான ஆண்டே! கதிர் பிடிக்கும் வேளையில் மூன்று கிழமை வறண்டு பயிர் கருகியது அக்கூட்டுத்தொகையில் எங்கே தெரியும்?

தமிழ் உழவன் மழையை இப்படி அளக்கவில்லை. ஓர் உழவுக்குப் போதிய ஈரம் மண்ணில் இறங்கினால் ஓருழவு மழை. இரண்டு உழவுக்குப் போதுமாயின் ஈருழவு மழை. மில்லிமீட்டர் என்பது ஏனத்தில் எவ்வளவு நீர் நின்றது என்று சொல்லும். உழவு மழை என்பது மண்ணில் எவ்வளவு நீர் இறங்கியது, அதைக்கொண்டு என்ன வேலை செய்யலாம் என்று சொல்லும். முன்னது வேண்டா என்பதன்று. முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொல்லத் தெரியாத அறிவு உழவனுக்கு உதவா அறிவு என்பதே கருத்து.

2016-ஆம் ஆண்டை மறக்கவியலாது. அவ்வாண்டு அக்தோபர் முதல் திசம்பர் முடியத் தமிழ்நாடு பெற்ற மழை 168 மில்லிமீட்டர். பெற வேண்டியதோ 440. குறைவு 62 விழுக்காடு. அதற்கு நிகரான வறட்சியைத் தேடின் தாது ஆண்டுக்கே போதல் வேண்டும். 2017 சனவரி 10-இல் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சியுற்றவையாக அறிவித்தார். மாநிலம் கேட்ட துயர்தீர்ப்புத் தொகை 39,565 கோடி உருபா. நடுவணரசு ஒப்பியது 1,748 கோடி உருபா. இருபதில் ஒரு பங்குகூட இல்லை! அதே வறட்சியின் நடுவில், 2017 பிப்ரவரியில், கீரமங்கலத்தின் அண்டை ஊரான நெடுவாசலில் எரிவளி எடுக்கத் தில்லி ஒப்புதல் தந்தது. மழை எப்போது என்று கேட்ட மண்ணுக்குத் துளைப்பொறியை விடையாகத் தந்த ஆட்சியை என்னென்பது! அம்மக்கள் பந்தலிட்டுப் போராடியதை உலகறியும்.

அந்த 2016 கடைக்கூற்றில் நிலவியது வலுக்குறைந்த 'லா நினா' நிலை. அமைதிப் பெருங்கடலின் நடுப்பரப்பு வழக்கத்தினும் குளிர்ந்திருக்கும் நிலை. தென்மேற்கு மழைக்கு அது பெரும்பாலும் நல்லது. வடகிழக்கு மழைக்குப் பலமுறை தீயது. எப்போதும் அவ்வாறே என்பதற்கில்லை. 2021-இல் அந்நிலை இருந்தும் தமிழ்நாட்டில் மழை பெருகிற்று. ஆயினும், 'லா நினா வருகிறது, மகிழ்க' என்று தில்லி முழங்கும்போது, அம்முழக்கம் தமிழ்நாட்டிற்கு எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என்பதை எத்தனை தமிழ் இதழ்கள் எழுதின? வடவன் மகிழ்ந்தால் தானும் மகிழ்வதே பழக்கமாகிவிட்டது!

இனி, சொல்லுக்கு வருவோம். வானிலைச் செய்திக்கென நடுவணரசு கைப்பேசிகளில் தந்துள்ள செயலிகளின் பெயர்கள் 'மௌசம்', 'மேகதூத்', 'தாமினி'. 2024-இல் இரண்டாயிரம் கோடி உருபாவில் ஒப்புதல் பெற்ற திட்டத்தின் பெயரும் 'மிசன் மௌசம்'. உள்ளே ஓரிடத்தில் தமிழும் உண்டு என்பர். வீடு தமிழனுடையது, வரி தமிழனுடையது, வாயிற்பலகை மட்டும் வடவனுடையதா? 'மான்சூன்' அரபுச் சொல்லின் திரிபு. 'மௌசம்' அதே அரபுச் சொல். ஆங்கிலத்தின் வழியே ஒருமுறை, இந்தியின் வழியே மறுமுறை என ஒரே கடன் தமிழன் தலையில் இருமுறை ஏற்றப்படுகின்றது. கொண்டலும் வாடையும் கூதிரும் வீட்டிலேயே இருக்க இக்கடன் எதற்கு?

கலப்புச்சொல் வெறும் அழகுக்குறை என்று கருதுவார் 2018-ஐ எண்ணிப் பார்க்க. அவ்வாண்டு அக்தோபர் 7-ஆம் நாளுக்கெனத் தமிழ்நாட்டிற்கு 'ரெட் அலர்ட்' என்றார்கள். மக்கள் கலங்கினர்; அஞ்ச வேண்டா என்று அரசே சொல்ல நேர்ந்தது; பின்னர் அவ்வெச்சரிக்கையும் விலக்கப்பட்டது. அத்துறையின் வண்ணக்குறிகளுக்குப் பொருள் மிக எளிது: பச்சை, எச்சரிக்கை இல்லை; மஞ்சள், விழித்திரு; செம்மஞ்சள், ஆயத்தமாகு; சிவப்பு, செயற்படு. இந்நான்கு தமிழ்ச்சொற்களையும் சொல்லியிருந்தால், யார் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கியிருக்கும். 'ரெட் அலர்ட்' என்ற ஒலி அச்சத்தைத் தந்தது, அறிவைத் தரவில்லை. ஆறு கிழமைகள் சென்றபின், நவம்பர் 16-இல், நாகைக்கும் திருமறைக்காட்டிற்கும் இடையே கரைகடந்த 'கசா' புயல், உள்நாட்டிலுள்ள கீரமங்கலத்துத் தென்னைகளையும் பலாக்களையும் வேரோடு சாய்த்தது. அத்தனை பெரும்புயல் வந்தும் அப்பருவத்து மழை குறைவாகவே முடிந்தது. புயலும் வறட்சியும் ஒரே பருவத்தில்!

அறிவியலுக்கு எதற்கு மொழிப்பற்று என்று கேட்கும் படித்த அடிமைகட்கு ஒரு விடை. வானிலை அறிவியலைத் தமிழர் பழிக்கவில்லை. சென்னை வானிலை நடுவம் தமிழிலும் அறிக்கை தருகின்றது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால், பிறமொழியில் எண்ணிப் பிறர்க்கென வகுத்ததைக் கடைசியில் தமிழில் பெயர்ப்பது வேறு. தமிழ்நிலத்தின் கேள்வியிலிருந்தே தொடங்குவது வேறு. அவ்வாறு தொடங்கத் தமிழர்க்கு இயலும் என்பதற்குச் சான்றும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவ மழையை மாவட்டம் மாவட்டமாகக் கணித்து வெளியிடுகின்றது. தில்லியோ, ஒன்றியமெங்கும் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024 தொடக்கத்தில் மூடியது. யார் உழவனை நெருங்குகின்றார், யார் விலகுகின்றார் என்பது இதனால் விளங்கும்.

குற்றம் முழுதும் தில்லியுடையதன்று. நெற்றிக்கண்ணைத் திறப்பினும் குற்றம் குற்றமே என்றவன் பெயரோடு இணைந்த மண்ணில் இதையும் சொல்லத்தான் வேண்டும். ஏரிகளில் சீமைக் கருவேலை அடர விட்டவர் யார்? வரத்து வாய்க்கால்களை வளைத்துக் கட்டடம் எழுப்பியவர் யார்? 'மிதமான', 'சராசரி' என்று நாள்தோறும் தொலைக்காட்சியில் ஓதுபவர் யார்? தமிழர்களே. ஆனால் அதே மண்ணில் விடிவெள்ளியும் தோன்றியது. புயலுக்குப் பின், 2019-இல், கீரமங்கலம், கொத்தமங்கலம் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் அரசுக்குக் காத்திராமல் ஊர்ப்பணம் திரட்டி ஏரி குளங்களைத் தூர்வாரினார்கள். ஏரியைத் தூர்வாரியவர்கள் சொல்லையும் தூர்வாருவார்கள் என நம்பலாம்.

அவ்வட்டாரத்தார்க்கு மொய்விருந்து புதிதன்று. மொய் ஏட்டில் யார், எவ்வூர், எத்துணை, எந்நாள் என்னும் நான்கும் எழுதப்படும், ஐயத்திற்கு இடமில்லை. மழைக்குறியும் அவ்வாறே இருத்தல் வேண்டும். எந்த வட்டாரத்திற்கு, எத்தனை உழவு மழை, எந்தக் கிழமையில் தொடக்கம், இடையில் எத்தனை நாள் வறட்சி, அதற்கு எது விதைப்பது, எதை நிறுத்துவது என்பவற்றைப் புரட்டாசி பிறக்கும் முன்னரே தூய தமிழில் சொல்லுதல் வேண்டும். குறி எத்துணை உறுதியுடையது என்பதையும் மறையாமல் சொல்லுதல் வேண்டும். ஆலங்குடியை அடுத்த வம்பன் பயறு ஆராய்ச்சி நடுவம் போன்ற இடங்களிலிருந்தே அக்குறி வெளிவருதல் வேண்டும். தமிழ்நாட்டரசு கூதிர்க்கெனத் தனி வானிலை ஆய்வகம் நிறுவுதல் வேண்டும். அதற்குரிய பொருளை, தமிழர் கட்டும் வரியிலிருந்து நடுவணரசு தருதல் வேண்டும்.

இரந்து கேட்பதற்குரியன அல்ல இவை, உரிமையாகக் கேட்பதற்குரியன. தன் நிலத்து மழையைத் தன் மொழியில் அறியாத இனம், நாளை தன் நிலத்தையும் தன்னதென்று சொல்ல நாணும். உழவர் மன்றங்களும் தமிழ் மன்றங்களும் ஊர்தோறும் கூடித் தீர்மானம் எழுதுக. ஆட்சியர்க்கும் அமைச்சர்க்கும் விடுக்க. அதற்கு முன்பாக, அவரவர் வாயிலிருந்து 'மான்சூன்' இன்றே விலகுக. கூதிர் மழை என்றே சொல்க!