மெதுவாகப் போவது குற்றமா?

துப்பறியும் கதைகளைப் பற்றி இலக்கியப் பெரியவர்கள் அபிப்பிராயம் சொல்வதில்லை. சொன்னாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆகவே அந்தப் பொறுப்பு டீக்கடைக்கும் சலூனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஓசூரில் என் காதில் விழுந்தவரையில், ‘பியோம்கேஷ் பக்ஷி’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஐந்து கட்சிகள் இருக்கின்றன. ஐந்துமே உரக்கப் பேசுகின்றன. எதனோடும் எனக்குப் பூரண உடன்பாடு கிடையாது. ஆனால் இரண்டு கட்சிகளோடு பலத்த சண்டை இருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வங்காளத்துச் சரதிந்து பந்தோபாத்யாய் 1932-ல் எழுதத் தொடங்கிய கதைகளின் நாயகன் பியோம்கேஷ். அந்தக் கதைகளைப் பாசு சாட்டர்ஜி ஹிந்தியில் தொடராக எடுத்தார். 1993-ல் ஒரு வரிசையும் 1997-ல் இன்னொரு வரிசையும் தூர்தர்ஷனில் வந்தன. பியோம்கேஷாக ரஜித் கபூர். கதையைச் சொல்லும் நண்பன் அஜித்தாக கே. கே. ரெய்னா. 2020 மார்ச் இறுதியில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தூர்தர்ஷன் அதைத் தூசி தட்டி மறுபடி ஒளிபரப்பியது. அந்த வருஷம் ஜூன் 4-ந் தேதி பாசு சாட்டர்ஜி காலமானார். ஃபாக்டரிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அப்போது பார்த்ததைப் பற்றித்தான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பாஷைக் கட்சி. வங்காளி துப்பறிவதை ஹிந்தியில் எடுத்தால் தமிழன் அதை எதற்காகப் பார்க்க வேண்டும்? நமக்குத் தேவனின் சம்பு இல்லையா, தமிழ்வாணனின் சங்கர்லால் இல்லையா, சுஜாதாவின் கணேஷும் வசந்தும் இல்லையா? இருக்கிறார்கள் ஐயா, நன்றாக இருக்கட்டும். ஆரணி குப்புசாமி முதலியார் காலத்தில் இங்கிலீஷ்காரனிடம் கடன் வாங்கித்தான் நாம் துப்பறியத் தொடங்கினோம். அப்போது போகாத மானம் வங்காளியிடம் வாங்கும்போது மட்டும் போய்விடுமா? தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1938-ல் பள்ளிக்கூடங்களில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். 1960-களில் அதே ஹிந்தியை எதிர்த்து நின்றார். எங்கள் ஊர்ப் பெரியவரே இரண்டு பக்கமும் வாதாடிவிட்டபடியால் நான் இந்த வழக்கை நீட்டப் போவதில்லை. திணித்தால் எதிர்ப்போம், நல்ல கதை என்றால் பார்ப்போம்.

இரண்டாவது, மூலக் கட்சி. இதில் இருப்பவர்கள் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வங்காளிகள். சரதிந்துவின் வங்காள நடை ஹிந்தியில் வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள். 1967-ல் சத்யஜித் ராய் உத்தம்குமாரை வைத்து எடுத்த ‘சிடியாகானா’வை எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பற்றியாவது வங்காளிகள் ஒரே குரலில் பேசுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் வீட்டுச் சண்டை அது, நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, பொற்காலக் கட்சி. இவர்கள் என் வயதுக்காரர்கள், ஆகவே கொஞ்சம் கடுமையாகவே பேசலாம். “அந்தக் காலத்துத் தொடர் மாதிரி வருமா!” என்று ஆரம்பிப்பார்கள். இரண்டு நிமிஷம் காது கொடுத்தால், தொடரைப் பற்றி ஒரு வார்த்தையும் இராது. ஆன்டெனாவைப் பற்றியும் பக்கத்து வீட்டு டி.வி. பெட்டியைப் பற்றியும்தான் இருக்கும். தங்கள் பால்யத்தைத் தாங்களே ரசித்துக்கொள்கிறார்கள். பியோம்கேஷ் தொடரில் குறைகள் உண்டு. சில வீடுகள் செட்டுப் போட்டவை என்று சுவரைப் பார்த்தாலே தெரிகிறது. வெளிச்சம் பல இடங்களில் தட்டையாக விழுகிறது. துணை நடிகர்களில் சிலர் பாடம் ஒப்பிக்கிறார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாமல் கும்பிட்டுக்கொண்டே இருந்தால், தொடரை மியூசியத்தில் வைத்துப் பூட்டுகிறோம் என்று அர்த்தம்.

இனி நான் சண்டை போட வந்த கட்சிகள்.

நான்காவது வேகக் கட்சி. “மெதுவாகப் போகிறது சார், தூக்கம் வருகிறது” என்பது இவர்களுடைய தீர்ப்பு. எது மெதுவாகப் போகிறது? பியோம்கேஷின் ஒரு கதை ஒரு தவணையிலோ, மிஞ்சினால் இரண்டு மூன்று தவணைகளிலோ முடிந்துவிடுகிறது. கொலை நடந்து, விசாரித்து, கண்டுபிடித்து, டீயும் குடித்தாகிவிடுகிறது. இதை மெதுவு என்று சொல்பவர்களின் வீட்டில், மருமகள் மாடிப்படி இறங்குவதற்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் தொடர்கள் வருஷக் கணக்கில் ஓடுகின்றன. அதை அவர்கள் பொறுமையோடு பார்க்கிறார்கள். காரணம், அங்கே மனசுக்கு ஒரு வேலையும் இல்லை. பியோம்கேஷ் நம்மைக் கவனிக்கச் சொல்கிறார். அந்தச் சிரமத்துக்குத்தான் ‘மெதுவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்கத்தாத் தெருவில் நடந்துபோகிறவர்கள் திடீர் திடீரென்று செத்து விழுகிறார்கள். மார்பில் கிராமபோன் ஊசி பாய்ந்திருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் இல்லை. கொலைகாரனைப் பார்த்தவரும் இல்லை. ஒருவர் மட்டும் பையிலிருந்த கடிகாரத்தின் புண்ணியத்தில் பிழைக்கிறார். தெருவில் வேறென்ன கேட்டது என்று பியோம்கேஷ் தூண்டித் தூண்டி விசாரிக்கிறார். ஒரு சைக்கிள் மணி! தெருவில் சைக்கிள் மணி கேட்பது ஒரு செய்தியா? அத்தனை பேர் காதிலும் விழுந்து, ஒருவரும் பொருட்படுத்தாத சத்தம் அது. அதில்தான் கதை முழுவதும் இருக்கிறது. மிச்சத்தைச் சொல்லி உங்கள் சுவாரஸ்யத்தைக் கெடுக்க மாட்டேன். வேகக் கட்சியின் கையில் கத்திரிக்கோலைக் கொடுத்தால் முதலில் வெட்டி எறிவது அந்த மணிச் சத்தத்தைத்தான்.

இத்தனைக்கும் இந்தப் பொறுமை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1970-களில் சிப்காட் பேட்டை வந்ததிலிருந்து இங்கே இரண்டு தலைமுறை மெஷின் பக்கத்தில் நின்று பழகியிருக்கிறது. மெஷின் நின்றுபோனால் நல்ல ஃபிட்டர் எடுத்தவுடன் மோட்டாரைக் கழற்றுவதில்லை. கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் சரியா, பெல்ட் சரியா, பேரிங் சூடாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிக்கொண்டு வருவார். சூப்பர்வைசர் பின்னால் நின்று கத்தினாலும் அவர் வரிசை மாறாது. பியோம்கேஷ் செய்வதும் அந்த வேலைதான். பகல் ஷிப்டில் அப்படி வேலை செய்கிற மனிதர், இரவில் வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்ததும் “சட்டென்று ஆளைப் பிடி” என்று அவசரப்படுகிறார். இது எனக்குப் புரியாத மர்மம்.

ஐந்தாவது, “எனக்கு அப்போதே தெரியும்” கட்சி. பத்தாவது நிமிஷத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆகவே கதை மட்டமாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், “மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்பார்கள். இவர்களுக்கு வெறும் ஊகம் போதும். பியோம்கேஷுக்கும் பாதிக் கதையிலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. மீதிப் பாதி எதற்கு? தன் சந்தேகத்தைத் தானே சோதிப்பதற்கு. அவருக்குத் துப்பறிபவர் என்ற பட்டமே பிடிக்காது; தம்மைச் ‘சத்யான்வேஷி’ என்று சொல்லிக்கொள்கிறார். சத்தியத்தைத் தேடுபவர். சில கதைகளில் உண்மை தெரிந்தபிறகும் குற்றவாளியைப் போலீஸில் ஒப்படைப்பதில்லை. தண்டனையைப் பற்றிய பேச்சு அவருக்கு உண்மை தெரிந்தபிறகுதான்.

ஒரு டி.வி. தொடருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். இருக்கிறது, காரணத்தோடு இருக்கிறது.

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று செல்போனுக்குச் செல்போன் செய்தி பறந்தது. நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த வயதான அம்மாள் ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அதே மாதத்தில், இந்தப் பக்கம் நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞனையும் அதே வதந்தியால் கொன்றார்கள். இரண்டு கூட்டத்திலும் “மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். “கொஞ்சம் இரு, விசாரிப்போம்” என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும், மெதுவாகப் போகிறான் என்று அவனைத் தள்ளிவிட்டிருப்பார்கள்.

2023 மார்ச்சில் சக்கரம் மறுபக்கம் சுற்றியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசாங்கம் ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. வடக்கத்திக்காரன் என்றாலே சந்தேகப்படுகிற மனசும், தமிழன் என்றாலே அடிப்பான் என்று நம்புகிற மனசும் ஒன்றுதான். வெளியூர்க்காரர்களால் நிறைந்த எல்லை ஊரில் இருக்கிற நாங்கள் இதைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியவர்கள்.

இதே பாசு சாட்டர்ஜி 1986-ல் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்ற படம் எடுத்தார். அமெரிக்க மூலத்தைத் தழுவியது. ஓர் அறைக்குள் பன்னிரண்டு ஜூரிகள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பையனுக்குத் தண்டனை என்று பதினொரு பேர் உடனே கையைத் தூக்குகிறார்கள். ஒருவர் மட்டும், ஓர் உயிர் விஷயமாயிற்றே, கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்கிறார். அந்தப் பன்னிரண்டாவது மனிதரும் பியோம்கேஷும் ஒரே டைரக்டர் கையில் வந்தவர்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆகவே வேகக் கட்சிக்கு என் பதில் இதுதான். தொடர் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம். ருசி அவரவர் சொந்தம். நடிப்புப் போதாது, செட்டு மட்டம் என்று சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் விசாரிக்க நேரம் எடுத்துக்கொள்கிறான் என்பதை ஒரு குற்றமாகச் சொல்லாதீர்கள். கதையிலாவது ஒரு மனிதன் நிதானமாக விசாரித்துவிட்டுப் போகட்டும். தெருவில் அப்படி ஒருவன் நமக்கு எப்போது தேவைப்படுவான் என்று யார் கண்டது?